பூனை மேல் போட்ட பழி

எங்கள் வீட்டுக் கொல்லையில் மீன் களவுபோன விஷயத்தில் உண்மையான கள்ளன் யார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒன்பது வயதில் இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். அந்த வருஷம்தான் எனக்குப் புதுநன்மை, அதாவது முதல்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற முதல் பாவசங்கீர்த்தனத்துக்காக அவரவர் பாவங்களை நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் வேதபாட வகுப்பு சிஸ்டர். என் நோட்டில் என் பாவங்கள் அரைப் பக்கம், மற்றவர்கள் பாவங்கள் நாலு பக்கம் இருந்தன. அப்படியாப்பட்ட பிள்ளை நான்.

அந்தக் கோடையில் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்கள் வீட்டோடு வந்து இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாதான் அவரை ஆட்டோவில் நாகல் நகரில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். என்ன வியாதி என்று கேட்டதற்கு வயிற்றுவலி என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிற அளவுக்கு அது என்ன வயிற்றுவலி, எனக்கெல்லாம் ஓமத்தண்ணீரில் சரியாகிவிடுகிறதே என்று நினைத்தேன். உயிரை விடத் துணிந்தவர் பிழைத்து வந்தால் எங்கள் பக்கம் வீட்டார் அதற்கு வைக்கிற கௌரவமான பெயர் வயிற்றுவலி என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று.

ஊரில் சித்தப்பா தக்காளியும் செவ்வந்தியும் போட்டிருந்தார். போர்க்கிணறு வற்றியது. இன்னும் இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்தார், புகைதான் வந்தது. பூக்கிற பருவத்தில் செடி மொத்தமும் நின்ற இடத்திலேயே காய்ந்துபோனது. அதைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். இதெல்லாம் பிறகு அம்மா சொன்னது.

அப்பாவுக்குப் பூட்டும் ஆணியும் குழாயும் விற்கிற கடையில் வேலை. அவர் செய்த முதல் காரியம், சித்தப்பாவின் அறைக் கதவில் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றியதுதான். பூட்டு விற்கிற மனுஷர் சொந்த வீட்டுக் கதவைப் பூட்ட முடியாமல் செய்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டாவதாக எனக்கும் அம்மாவுக்கும் ஒரு சட்டம் போட்டார். சித்தப்பாவை வீட்டில் ஒரு செத்த நேரம்கூடத் தனியாக விடக்கூடாது. ஏன் என்று கேட்டேன். “அவனுக்குப் பேச்சுத் துணை வேணும் பாப்பா” என்றார். சித்தப்பாவோ நாள் முழுக்க நாலு வார்த்தை பேச மாட்டார்.

பொழுது போகட்டும் என்று அப்பா தன் போனை அவரிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவார். அதில்தான் சித்தப்பா அந்த வீடியோவைப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுப் பின்புறத்தில் தானே குழி வெட்டி, சிமெண்டு பூசி, தண்ணீர் நிரப்பி மீன் விட்டார். சித்தப்பா அதை ஏழெட்டுத் தடவை பார்த்தார். மறுநாள் காலையில் மண்வெட்டி கேட்டார். அவர் வாய் திறந்து ஒன்று கேட்டது வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருவதே வாரத்துக்கு ஒருமுறை. “குடிக்கத் தண்ணியக் காணோம், மீனுக்குக் குளமாம்ல!” என்று அடுப்படியில் முணுமுணுத்தாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார்.  எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிற என் அம்மா ஒரு பார்வைக்கு அடங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

எலுமிச்சை மரத்துக்கு எதிரே குளம் உருவாயிற்று. குளம் என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. நான் படுத்தால் தலையும் காலும் இடிக்கும், அம்புட்டுத்தான். செங்கல் வைத்துச் சிமெண்டு பூசி, காய்ந்ததும் ரெண்டு தடவை கழுவிவிட்டு, போர்த் தண்ணீரை நிரப்பினார். அப்பா பிளாஸ்டிக் பையில் பன்னிரண்டு தங்கமீன்கள் வாங்கிவந்தார். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மெதுவாக அவிழ்த்தபோது சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு ரசம் கேட்டு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். அம்மா கரண்டியோடு அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டதற்கு வெங்காயம் என்றாள். ரசத்தில் எங்கே வெங்காயம்?

நாலாம் நாள் காலையில் எண்ணிப் பார்த்தால் பத்து மீன்தான் இருந்தது.

மதில்மேல் ஒரு சாம்பல்நிறப் பூனை எப்போதும் உட்கார்ந்திருக்கும். ஒரு காது கிழிந்த தெருப்பூனை. குளம் வந்ததிலிருந்து அது வேறெங்கும் போகாமல் நாள் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு சாட்சி வேண்டுமா? “இந்தக் கழுதையோட வேலைதான்” என்று சித்தப்பா எழுந்தார். பூனை புகாத வேலி எப்படிப் போடுவது என்று மறுபடி வீடியோ பார்த்தார். அப்பா கடையிலிருந்து கோழிவலை கொண்டுவந்தார். சித்தப்பா நாலு பக்கமும் மூங்கில் நட்டு வலை கட்டினார். மறுநாள் ஒன்பது மீன். வேலியின் தலையை வெளிப்பக்கமாகச் சாய்த்து வளைத்தார். அதற்கடுத்த நாள் ஏழு.

பிறகுதான் அந்தக் குழாய் வேலை. வேலியின் உச்சியில் கம்பி இழுத்து, அதில் பிவிசி குழாய்த் துண்டுகளைக் கோத்துவிட்டால், பூனை கால் வைக்கும்போது குழாய் உருளும், பிடி கிடைக்காமல் விழுந்துவிடும். அப்பா குழாய்களைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். நானும் சித்தப்பாவும் ஒரு நாள் முழுக்க அறுத்துக் கோத்தோம். பூனை ஒரு தடவை தாவிப் பார்த்தது. குழாய் உருண்டது. தொப்பென்று அம்மாவின் துணி ஊறவைத்த வாளியில் விழுந்து, நனைந்துபோய் எங்களை முறைத்துவிட்டு ஓடியது. சித்தப்பா சத்தமாகச் சிரித்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் கொல்லைக் கக்கூசுக்குப் போக எழுந்த நான் கதவிடுக்கில் அப்பாவைப் பார்த்தேன். கையில் அம்மா பூரி பொரிக்கிற ஜல்லிக்கரண்டி. வேலியின் கதவைத் திறந்து, குளத்திலிருந்து ஒரு மீனை அள்ளினார். இன்னொன்றை அள்ளினார். எலுமிச்சை மரத்தடியில் கையாலேயே மண்ணைப் பறித்துப் புதைத்தார். அதோடு விட்டாரா? குறடு ஒன்றை எடுத்து வேலியின் ஒரு மூலையில் வலையை நெம்பி, பூனை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார். பிறகு கை கழுவிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

காலையில் சித்தப்பா அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். “பொல்லாத பூனையா இருக்கேப்பா. நான் கெட்டி வலையாக் கொண்டு வாரேன்” என்றார் அப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. களவு ஒன்று, பொய்ச்சாட்சி ஒன்று, பத்துக் கட்டளைகளில் இரண்டை ஒரே காலையில் மீறிவிட்டார்! அதுவும் வாயில்லாத பூனை மேல். பாவத்தைக் கண்ணால் கண்டும் மறைக்கிறவருக்கு அதில் பாதிப் பங்கு உண்டு என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் அந்தப் பாதிப் பங்கைச் சுமந்துகொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் பாவசங்கீர்த்தனம். குளத்தில் ஐந்து மீன்தான் மிச்சம்.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா வேலைக்குப் போய்விட்டார். சித்தப்பா கெட்டி வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய், கண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கரண்டி, குறடு, சிலுவை போட்டதைக்கூடச் சொன்னேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். “எங்க பொதைச்சாரு?”

காட்டினேன். ஒரு குச்சியால் கிளறினார். மீன்கள் ஒவ்வொன்றாக வந்தன. புதிதாகப் புதைத்தவை முழுசாக இருந்தன, ஒரு பல்தடம் இல்லை. செதிளின் மேல் வெள்ளையாகப் படலம் பூத்திருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். திரும்பிக் குளத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் திரும்ப மூடினார். கை கழுவினார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போன் குளத்தின் கரையிலேயே கிடந்தது.

தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாரம் இறங்கிய சுகத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்து கேட்டாள். தெரியாது, சைக்கிளில் போய்விட்டார் என்றேன். ரேஷன் அரிசியை நடைவாசலிலேயே போட்டுவிட்டு அம்மா கடைக்குப் பேசப் போனை எடுக்க ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார், செருப்பு இல்லாமல். “என்னத்தச் சொன்ன அவன்ட்ட?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் பயப்படவே இல்லை. “உண்மையச் சொன்னேன்” என்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, ரயில் தண்டவாளம் இருக்கிற பக்கமாக ஓடினார். அம்மா மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு என்னையும் இழுத்து உட்காரவைத்தாள். எதற்காக ஜெபிக்கிறோம் என்று கேட்டேன். “கேக்காத. வாய மூடிட்டுச் சொல்லு” என்றாள். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று கேட்க இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

மூன்று மணி நேரம். ஒரு வளர்ந்த ஆள் சைக்கிளில் வெளியே போனதற்கு இம்புட்டு அமர்க்களமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வேதபாட வகுப்பும் போச்சு.

அப்பா தேடிக் களைத்து, வெறும் கையோடு திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் தெருமுனையில் சைக்கிள் தெரிந்தது. பின்னால் ஒரு முழு வாழைமரத்தைக் கட்டி, வியர்த்து வழிய, சித்தப்பா தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

“சுண்ணாம்புக் காரம்ணே” என்றார் சித்தப்பா, சைக்கிளைச் சாத்திக்கொண்டே. “புதுச் சிமெண்டுத் தொட்டில எறங்குற காரம்தான் மீனக் கொன்னுருக்கு. நம்ம ஊருல வாழைத்தண்ட வெட்டிப் போட்டு ஊறவச்சுக் காரத்த எடுத்துட்டுத்தான தொட்டியப் புழங்குவோம்? அந்த வெள்ளக்காரன் பேச்சக் கேட்டு அத மறந்துட்டேன். தோட்டக்காரரு குலை வெட்டுன மரம் தர நேரமாயிருச்சு.” பிறகு குரலைத் தணித்தார். “செத்துப்போச்சுன்னு எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லண்ணே.”

“எப்பிடிடா சொல்லுவேன்?” என்றார் அப்பா. “கண்ணு முன்னால எல்லாம் பட்டுப்போறத நீ ஒருக்காப் பாத்தது போதாதா? பூனையின்னா வேலி போடலாம். அதுக்காகவாச்சும் நீ காலைல எந்திரிப்ப.”

சித்தப்பா குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தார். கல் கிழித்து ரத்தம் வந்திருந்தது. “எங்கண்ணே ஓடுன செருப்பில்லாம?” என்றார். அப்பா தம்பியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தெருவே பார்க்க, வாய்விட்டு அழுதார். எங்கள் அப்பா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். களவு பிடிபட்ட அவமானத்தில் அழுகிறார் என்று முடிவுகட்டினேன். நியாயம் ஜெயித்த திருப்தியோடு சாப்பிடப் போனேன்.

மிச்சமிருந்த ஐந்து மீன்களும் அம்மாவின் அண்டாவுக்கு இடம் மாறின. வாழைத்தண்டு குளத்தில் பத்து நாள் ஊறி நாறியது. தண்ணீரை இறைத்துக் கழுவி மறுபடி நிரப்பினார் சித்தப்பா. அந்த ஐந்தும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பெருகின. பூனை வழக்கம்போல மதில்மேல் உட்கார்ந்து பார்த்தது. சித்தப்பா மறு வருஷம் ஊருக்குத் திரும்பினார். இன்றைக்கும் இருக்கிறார். பண்டிகைக்கு வந்தால் வேலியின் குழாயை ஒரு தடவை உருட்டிப் பார்க்காமல் போக மாட்டார். அன்று காலையில் நான் சொன்னதற்கு அவர் வேறு எந்தப் பக்கமும் சைக்கிளைத் திருப்பியிருக்கலாம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஆனால் மறுநாள் சனிக்கிழமை கோயிலில், வெள்ளை கவுன் போட்டு, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மறைப்புப் பலகை முன்னால் முழந்தாளிட்டபோது எந்த உறுத்தலும் இல்லை. “ஃபாதர், எங்கப்பா மீன் திருடிட்டுப் பூனை மேல பழியப் போட்டாரு” என்று ஆரம்பித்தேன். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. “அது இருக்கட்டும்மா. ஒன் பாவத்தச் சொல்லு” என்றார் சாமியார். நோட்டில் எழுதியிருந்த அரைப் பக்கத்தையும் முந்தின நாளே அழித்துவிட்டேன். உண்மையைச் சொன்னவளுக்கு ஏது பாவம்?

“எனக்கு ஒண்ணுமில்ல ஃபாதர்” என்றேன்.

அபராதமாக மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றையும் அப்பாவுக்காகச் சொன்னேன்.