சிரித்துக்கொண்டே சொன்ன வசனம்

நான் எழுதிக்கொடுத்த வசனத்தாளில் அக்கா மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு போட்டார். அந்தப் பக்கத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆகியிருந்தது.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு தையல்கடையில் அவர் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார்; நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். சிறுமியாக இலங்கையிலிருந்து படகில் வந்து, ஈரோட்டுப் பக்கம் அகதி முகாமில் வளர்ந்தவர். ஓர் அகதிப் பெண்ணைக் கண்டு ஊரே மிரள்வதைக் கேலியாகச் சொல்லும் படம் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து எடுக்க இருந்தோம். வசனம் என் பொறுப்பு; அந்த வாழ்க்கை தெரிந்தவர் என்று அக்காவிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். நான் ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டுத் தமிழில் பாதி கன்னடம். அந்தக் குறையை மறைக்க ஊர்க்காரர்களை எல்லாம் கத்தவைத்திருந்தேன்.

"ஒருத்தரும் இப்பிடிக் கத்தமாட்டினம்," என்றார் அக்கா. "சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவினம்."

அவரையே நடிக்கக் கேட்டோம். இரண்டு நாள் யோசித்து, கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தார்.

கர்நாடக எல்லையோரம், மார்டள்ளிக்கு அப்பால் ஒரு தமிழ்க் கிராமத்தில் படப்பிடிப்பு. நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அக்காவுக்காக மளிகைக் கடைக்காரரிடம் அவர் வீட்டுப் பின்னறையைக் கேட்டேன். எங்களுக்குத் தினமும் டீ கொடுத்து உபசரித்த மனிதர். அக்காவுக்கு எந்த ஊர் என்று அவர் கேட்டார்; இலங்கை, அகதி முகாம் என்று சொன்னேன். அவர் சிரிப்பு மாறவில்லை. "ஊட்ல விசேசம் வருதுங்க. இல்லீன்னா குடுக்கமாட்டனுங்களா?" என்றார். அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். கொள்ளேகாலில் லாட்ஜ் எடுத்தோம். தினமும் பஸ்ஸில் வந்துபோனார்.

மறுநாள் அக்கா ஒன்று கேட்டார். கடைக்காரர் சொன்ன அந்த வரியைப் படத்தில் வைக்க வேண்டும். அதைக் கடைக்காரரே சொல்ல வேண்டும். பழிவாங்குகிறாரோ என்று பயந்தேன். நடிக்க ஆசைப்பட்டு உடனே ஒத்துக்கொண்ட கடைக்காரர், வசனத்தைக் கேட்டதும் வெளுத்துப்போனார். மூன்று முறை வார்த்தை வரவில்லை. ஊரே வேடிக்கை பார்த்தது. அக்கா அருகே போய் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "நேற்றுச் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ அண்ணை," என்றார். ஹெட்ஃபோனில் அதைக் கேட்டேன். அந்தக் குரலில் ஒரு முள்கூட இல்லை. நான்காம் முறை அவர் சொல்லிவிட்டார்.

சில மாதம் கழித்து, அதே ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஜன்னல்களை அடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படத்தைத் திரையிட்டோம். அந்த வசனத்துக்குத்தான் கூடம் அதிகம் சிரித்தது. படம் முடிந்ததும் எல்லோரும் கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு, நிஜம் மாதிரியே இருந்தது என்று கையைக் குலுக்கினார்கள். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"நடிப்பெல்லாம் இல்லீங்க. அந்தம்மாளுக்கு ரூம் கேட்டப்ப நான் நெசமாவே சொன்னதுதானுங்க."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"நாலு ஊரில ஆக்கள் எனக்கு வீடு இல்லையெண்டு சொன்னவை, அண்ணை. சொன்னன் எண்டு ஒத்துக்கொண்டது நீங்கள் மட்டும்தான்."

கடைக்காரரின் மனைவி வந்து அக்காவின் கையைப் பிடித்துச் சாப்பிடக் கூட்டிப்போனார். தலைகுனிந்தபடி கடைக்காரர் பின்னால் நடந்தார்.

அதன்பிறகு எத்தனையோ படங்களுக்கு எழுதிவிட்டேன். அன்று அக்காவின் முகத்தில் ஜெயித்த களை துளியும் இல்லை. அந்த முகத்தைத்தான் இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை.