உச்சந்தலையில் எண்ணெய்

நாற்பத்திரண்டு வயதாகும் என் மகளிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற எண்ணத்தில்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. விசாரித்தவர்களிடமெல்லாம் கொசுத்தொல்லை என்று சொல்லிவைத்தேன்.

பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். நான்காம் வகுப்பில் மகளும் என் மாணவி. கணக்குப் பாடத்தில் அவள் கண் கரும்பலகையில் நிற்காது. வெளியே எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியின் பின்னாலேயே போய்விடும். வாத்தியார் தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, மற்றவர்களுக்கு ஒன்று என்றால் அவளுக்கு இரண்டு. நடுவிரல் முட்டியால் உச்சந்தலையில் நறுக்கென்று குட்டுவேன். கூடவே, "களிமண்" என்று ஒரு சொல். வகுப்பே சிரிக்கும். அதை நியாயம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம், சிங்கப்பூரில் அவள் வேலை செய்யும் இடத்துக்கு அருகில் ஒரு மருத்துவர் அவளைச் சோதித்துவிட்டு, சிறு வயதிலிருந்தே அவளுக்குக் கவனக்குறைபாடு இருந்திருக்கிறது என்றாராம். தோசை தின்றபடி அதை அவள் எங்களுக்குச் சொன்னாள். ஏதோ தொலைந்த பொருள் கிடைத்துவிட்டது போன்ற சந்தோஷம் அவள் முகத்தில். மாத்திரை எடுப்பதாகவும், கூடவே இங்கே தம்போயில் ஒரு கடைவீட்டு மாடியில், மூளை அலைகளைத் திரையில் பார்த்துப் பழக்கும் நியூரோஃபீட்பேக் என்ற பயிற்சிக்குப் போவதாகவும், மனசு ஓரிடத்தில் நிற்பது இப்போதுதான் தெரிகிறது என்றும் சொன்னாள். என் தட்டில் தோசை அப்படியே இருந்தது. தூக்கம் கெட்டது அன்றைக்குத்தான்.

நான் தூங்காமல் கிடப்பதை ஆறு மாதம் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். "அப்பா, நீங்களும் ஒருதடவ வாங்களேன். அங்க கொசு புடிக்க மாட்டாங்க, ஆனா தூக்கம் வரலாம்லா."

வாரநாளில் அவள் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். அதனால் சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

பயிற்சி தருபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சீனப் பெண்மணி. முதல் நாள் கருவியே வெளியே வரவில்லை. ஒரு மணிநேரம் பேச்சுதான். எத்தனை மணிக்குப் படுப்பேன், எத்தனை கோப்பி குடிப்பேன், என்ன மாத்திரை, தலையில் எப்போதாவது அடிபட்டதுண்டா என்றெல்லாம் கேட்டார். அடிபட்டதில்லை என்றேன், அடித்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை. மனத்தில் ஏதும் கவலை உண்டா என்றதற்கு, மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கொசு என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இது எல்லோருக்கும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, எந்த அளவுக்குப் பயன் என்று அறிஞர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள், இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர்மேல் நம்பிக்கை வந்தது அதனால்தான். அடுத்த வாரம் மூளை அலைகளைப் பதிவு செய்வதாகவும், காலையில் கோப்பி வேண்டாம் என்றும், தலையைச் சுத்தமாக அலசிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

சுத்தம் என்றால் என் தலைமுறைக்கு ஒரே பொருள்தான். சனிக்கிழமை, ஆண்பிள்ளை, நல்லெண்ணெய். அதோடு எனக்கு இது ஒரு பரீட்சை போலவும் பட்டது. ஊறவைத்துத் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்தேன். மூளை சூடேறிக் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிடுமோ என்று, தலை துவட்டிய பிறகு உச்சியில் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் வைத்துக்கொண்டேன். இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிய என்னை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூளையப் படம் எடுக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

அங்கே குளியல் தொப்பி போன்ற ஒரு துணித்தொப்பியை மாட்டினார்கள். அதில் வட்ட வட்டமாக உணரிகள். ஒவ்வொன்றின் அடியிலும், முனை மழுங்கிய ஊசிக்குழலால் பசையை இட்டார்கள். வலியில்லை, ஜில்லென்றிருந்தது. தலைக்குள் எதையும் செலுத்துவதில்லை. மூளையிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னலைகளைக் கேட்டுப் பதிவு செய்வதுதான் வேலை. ஆனால் திரையில் அலை வரவில்லை. கோழி கிளறியது போல் கிறுக்கல்தான் வந்தது. அந்த அம்மாள் மறுபடி பசை இட்டார், கம்பியை மாற்றினார், கடைசியில் தொப்பியைத் தூக்கி என் உச்சியைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"அங்கிள், மிஞாக்?"

எண்ணெய்தான் என்று ஒப்புக்கொண்டேன். மகள் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பசையைக் கழுவ அங்கே ஒரு தொட்டி இருந்தது. அந்த அம்மாள் ஷாம்புவை நீட்டினார். மகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என்னைக் குனியவைத்தாள்.

அவள் விரல்கள் என் தலையில் முன்னும் பின்னும் போயின. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வசதி இன்னொரு தடவை கிடைக்காது என்று தோன்றியது.

"இந்த எடத்துலதாம்மா ஒன்னக் குட்டுவேன்," என்றேன். "ஒன்னால முடியாததுக்கு ஒன்ன அடிச்சிருக்கேன். தப்பு. மன்னிச்சிரும்மா."

விரல்கள் நின்றன. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

"சின்னதுல நான் எதுக்கு அவ்ளோ எண்ண வப்பேன், தெரியுமாப்பா?"

அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. வழியவழிய எண்ணெய் வைத்துப் படிய வாரிய அவள் தலையை, பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கும்போது மற்றப் பெண்களுக்கு உதாரணமாகக் காட்டியிருக்கிறேன்.

"ஒங்க குட்டு வழுக்கிட்டுப் போவட்டும்னுதான். அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நுரை வாய்க்குள் போனது. "வழுக்குச்சா?" என்று கேட்டேன்.

"எங்க வழுக்குச்சு? நல்லா வலிச்சிச்சு. குட்டு கூடப் பரவால்லப்பா. அந்தக் களிமண்ணுதான்."

"அதுக்கும் சேத்துத்தாம்மா கேக்குறேன்."

"சரி. கண்ண மூடுங்க, எரியும்."

பதிவு அன்றே முடிந்தது. திரையில் பல நிறத்தில் என் மூளை. தேறிவிட்டேனா என்று கேட்டேன். இங்கே மதிப்பெண் இல்லை அங்கிள், எந்த அலை கூடுதல், எந்த அலை குறைவு என்று பார்ப்பது மட்டும்தான் என்றார் அந்த அம்மாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எண்ணெய் விஷயத்தைக் கேட்டேன். பயத்தங்காய் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. "பின்ன, ஒங்கள நேரா கேட்டுட முடியுமா?" என்றாள்.

அதற்குப் பின் வாரந்தோறும் அரைமணிநேரப் பயிற்சி. இருபது தடவையாவது வேண்டும் என்றார்கள். தொப்பி இல்லை, காதுகளில் கவ்விகள், உச்சந்தலையில் ஒரே ஓர் உணரி. தூக்கப் பயிற்சிக்கு அந்த இடம்தான் என்றபோது நான் மகளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். எதிரே திரையில் ஓர் ஆறு ஓடும். மூளை அமைதியாகவும் விழிப்பாகவும் இருந்தால் படம் தெளியும், இல்லாவிட்டால் மங்கும். தெளிந்தே தீரவேண்டும் என்று நான் பல்லைக் கடிக்க, ஆறு இருட்டிப்போனது. முயற்சி செய்யாதீர்கள், வெறுமனே பாருங்கள் என்றார் அந்த அம்மாள். ஆயுள் முழுவதும் முயற்சி செய் என்று பிள்ளைகளை விரட்டியவனுக்கு அது எளிதில் வரவில்லை. முதல் சில தடவை தலை கொஞ்சம் கனத்தது, பகலில் அசதியாக வந்தது. எட்டாவது தடவைக்குப் பிறகு விடியும் வரை தூங்குகிறேன். காரணம் உணரியா, அந்தத் தண்ணீர்த் தொட்டியா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாளிடம் கொசுவைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டேன். தூக்கம் எதனால் வந்தது என்று தமக்கும் தெரியாது என்றே அவர் சொன்னார்.

இப்போதெல்லாம் சனிக்கிழமைக் காலையில் காரில் ஏறுமுன் மகள் முன்னால் தலையைக் குனிந்து நிற்கிறேன். எண்ணெய் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறாள். இல்லையென்று தெரிந்த பிறகும் நடுவிரல் முட்டியால், மெல்ல, உச்சியில் ஒன்று வைக்கிறாள்.

வாசலில் நின்று மனைவி எண்ணுகிறாள். "இன்னும் நெறைய பாக்கி இருக்கு, வைம்மா."

நான் இன்னும் கொஞ்சம் குனிகிறேன்.