மண்ணெண்ணெயில் ஓடிய எஸ் பென்ஸ்

1991இல் மருதனார்மடத்தில் இருந்த எங்கள் கராஜுக்கு அந்தக் காரை இரண்டு மாடுகள் இழுத்து வந்தன. ஸ்டியரிங்கில் உரும்பிராய் டொக்டர் ஐயா, டை கட்டியபடி இருந்தார்.

எழுபதுகளில் வந்த 280 எஸ். பென்ஸ்காரன் புதிதாக எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் எஸ் வரிசையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற மொடல்களுக்கு இறக்குவான் என்று ஐயா பெருமையாகச் சொல்வார். யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் நின்றதிலிருந்து கார் ஷெட்டிலேயே கிடந்தது.

"தம்பி, நோயாளியளைச் சைக்கிள் கரியரிலை வைச்சுக் கொண்டு வருகினம். இதை மண்ணெண்ணெயிலை ஓட்ட ஏலுமோ?"

"பழைய ஒஸ்ரின் ஏ-போர்ட்டி கார்களை ஓட்டியிருக்கிறன் ஐயா. இதுக்குக் கொம்பிரெஷன் கூட, மண்ணெண்ணெய் ஒத்துவராது. எஞ்சின் உடைஞ்சால் சாமான் எடுக்க ஏலாது."

"சும்மா கிடந்து கறள் பிடிக்கிறதை விட ஓடி உடையட்டும்."

கொம்பிரெஷனைக் குறைக்க ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஹெட் காஸ்கட் போட்டேன். தீப்பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினேன். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, அதன் குழாயால் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். ஐந்தாம் நாள் கரும்புகை கக்கிக்கொண்டு ஓடியது.

காரை ஒப்படைக்க உரும்பிராய்க்குப் போனபோது ஐயாவின் படலை வாசலில் தோட்டம் செய்கிற ஒருவர் தலையில் கைவைத்தபடி நின்றார். உள்ளே அவர் மனைவி புஷ்பத்துக்குக் காலையிலிருந்து பிள்ளைப்பேற்று நோக்காடு. பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டும் என்றார் ஐயா. என்னைப் பார்த்தார்.

"போகுமோ?"

"போகும் ஐயா," என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

புஷ்பத்தைப் பின்சீற்றில் ஏற்றினோம்; ஐயாவும் கூட வந்தார். கோண்டாவில் தாண்டியதும் எஞ்சின் கடகடவென்று அடிக்கத் தொடங்கியது. அக்சிலேற்றரைத் தளர்த்தி, பிள்ளைத்தாச்சியைக் குலுக்காமல் மெல்ல விட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நிற்கவில்லை. சாவியைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அப்போதும் காரே குலுங்க ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டில் மண்ணெண்ணெய் தானாகவே பற்றிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டும் தம்பி!"

"நிக்குதில்லை ஐயா!"

ஸ்ட்ரெச்சரில் ஏறிய புஷ்பம் வலியோடு திரும்பிப் பார்த்தார். "அண்ணை, உதுக்கும் நோக்காடோ?"

காவலாளி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் பொனட்டைத் திறந்து, ஈரச்சாக்கால் எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வாயை அடைத்தேன். ஒரு முக்கல், பிறகு நிசப்தம்.

மத்தியானம் ஒப்பரேஷன் செய்து பெண்பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்ட பிறகுதான் எனக்குப் பசித்தது.

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்றை ஓடவைக்க முதல், அதை நிறுத்தும் வழியைச் செய்து வையுங்கள். அடுத்த நாளே காற்று வாய்க்கு ஒரு தகர மூடி அடித்து, அதிலிருந்து சைக்கிள் பிரேக் கேபிளை டாஷ்போர்டுக்கு இழுத்துவிட்டேன். ஐயா இழுத்துப் பார்த்தார். எஞ்சின் நின்றது. ஸ்டார்ட் பண்ணச் சொல்லி இன்னொரு தரம் இழுத்தார்.

"ஜேர்மன்காரனுக்கு ஒரு கடிதம் போட வேணும் தம்பி," என்றார். "உந்த மூடியை அவன் இன்னும் கண்டுபிடிக்கேல்லை."