மாமா கொண்டுவந்த தூக்கு வண்டி

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட் வந்து சேர்ந்தது. அம்பாசமுத்திரத்தில் அப்போது கார் வைத்திருந்தவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களிடம் ஸ்கூட்டர்கூடக் கிடையாது. தபால் ஆபீசுக்கு அப்பா சைக்கிளில் போய் வந்தார். அப்படிப்பட்ட வீட்டின் பக்கத்துக் காலியிடத்தில், இரண்டு இரும்புக் கொம்புகளால் மூட்டைகளைத் தூக்கி அடுக்குகிற அந்த வண்டியை லாரியில் கொண்டுவந்து இறக்கினார், எங்களோடு இருந்த மாமா. அம்மாவின் தம்பி.

அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "மாப்ள, ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிட்டு வந்தாலும் தழை போடலாம். இதுக்கு என்னத்தப் போட?"

"டீசல் போடணும் அத்தான்" என்றார் மாமா, அப்பாவியாக.

அந்த வண்டியை ஒரு நூல் மில்லில் எட்டு வருஷம் ஓட்டியவர் மாமாதான். ஒரு நாள் உயரத்தில் நிறுத்தியிருந்த பாரம் ஒரு சாண் கீழே இறங்கி, அடியில் கயிற்றை உருவிக்கொண்டிருந்த லோடுமேனின் வலது கையில் விழுந்தது. அவருக்கு இரண்டு விரல்கள் போயின. மாமாவின் கை தவறி லிவரில் பட்டுவிட்டது என்று மில்லில் எழுதினார்கள். தான் தொடவேயில்லை, அது தானாக இறங்கியது என்று மாமா சொன்னதை யாரும் நம்பவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தார். இரண்டு வருஷம் கழித்து வண்டி பழைய இரும்புக்காரரிடம் போனபோது, தேடிப் போய் வாங்கி வந்தார். இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தெருவில் வேறு யார் வீட்டிலும் இது இல்லை.

நான்கு மாதம் வேலை நடந்தது. காற்று வடிகட்டிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. டீசல் தொட்டியைக் கழுவக் கழுவத் துரு வந்தது. அம்மாவின் துணி ஊறவைக்கும் அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றிச் செயினை ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாக நான்தான் தேய்த்தேன். அண்டா போனதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்த அம்மாவே பிறகு சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்தாள். இன்ஜின் முதன்முதலில் உயிர் பெற்ற அன்று கிளம்பிய கரும்புகையில் அடுத்த வீட்டு வத்தல் முழுக்கக் கறுத்துப் போயிற்று. அந்த அம்மாள் சத்தம் போட, அப்பாதான் சமாதானம் சொல்லப் போனார். திரும்பி வந்து, "ஆனா ஓடிட்டுல்லா!" என்று எங்களிடம் ரகசியமாகச் சொல்லிச் சிரித்தார்.

எல்லாவற்றையும் கழற்றி மாட்டிய மாமா, கொம்புகளைத் தூக்குகிற சிலிண்டரை மட்டும் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அதத் தொடப்படாதுட்டி. அது இருந்தபடியே இருக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணல் மூட்டைகளைக் கொம்புகளில் ஏற்றி, தலைக்கு மேல் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். அசையாத சட்டத்துக்கும் ஏறி இறங்குகிற சட்டத்துக்கும் குறுக்கே சாக்பீஸால் நேராக ஒரு கோடு இழுத்தார். "மத்தியானம் வர எறங்குதான்னு பாக்கணும். நீ கண்ண எடுக்காமப் பாத்துக்கோ. கீழ மட்டும் போயிராத" என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார். பக்கத்திலேயே நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை போலும்.

பதினோரு மணி சுமாருக்குக் கோடு உடைந்திருந்தது. உள் சட்டத்திலிருந்த பாதி, இரண்டு விரற்கடை கீழே போயிருந்தது. நான்கு மாத உழைப்பு. சரியாக நிற்காவிட்டால் வண்டி மறுபடி பழைய இரும்புக்குத்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். மாமா முகம் எப்படிப் போகும்! பாவாடை நுனியால் கோட்டை அழித்தேன். புத்தகப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, எட்டி நின்று, புதிதாக நேர்கோடு ஒன்று போட்டேன்.

சற்று நேரத்திலேயே ஈரத் தலையோடு வந்த மாமா கோட்டைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார்.

"எறங்கலியாட்டி?"

"இல்ல மாமா. ஒரு நூலுகூட எறங்கல."

என்னைத் தூக்கிச் சுற்றுவார் என்று நினைத்தேன். அவர் ஏறி உட்கார்ந்து மூட்டைகளைக் கீழே இறக்கினார். மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி என்னை பஸ்ஸில் ஆழ்வார்குறிச்சிக்குக் கூட்டிப் போனார். தனியாகப் போகக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஒரு சின்ன வீடு. வலது கையில் மூன்று விரல்கள் இருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வாங்க என்று சொல்லவில்லை. மாமா நின்றபடியே சொன்னார்:

"அண்ணாச்சி, வண்டி மேல தப்பு இல்ல. பாத்துட்டேன். என் கைதான் பட்டிருக்கணும். எனக்கே தெரியாமப் பட்டிருக்கு. மன்னிச்சிரும்."

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "கை போனதுகூடப் பெருசில்ல வே. எட்டு வருசம் கூட வேல பாத்த ஆளு, வந்து எட்டிப் பாக்கலியேன்னுதான்..." என்றவர் முடிக்காமல் உள்ளே இருந்த மனைவி பக்கம் திரும்பி, "ஏளா, பிள்ளைக்கு ஏதாவது தின்னக் குடு" என்றார். நான் முறுக்கு தின்றேன். பெரியவர்கள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அதற்கப்புறம் அந்த அண்ணாச்சி ஞாயிறுதோறும் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அரிசி ஆலைகளில் மூட்டை அடுக்க இருவரும் சேர்ந்து வண்டியை ஓட்டுவது என்று முடிவாயிற்று. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உள்ள இருக்க ரப்பரெல்லாம் புதுசா மாத்தாம, எவன் தலைக்கு மேலயும் தூக்கப்படாது வே."

மாமா சிலிண்டரைத் திறந்தார். உள்ளிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு ரப்பர் வளையத்தை எடுத்தார்; எண்ணெய் கசியாமல் அடைத்துப் பாரத்தை மேலே நிறுத்திவைக்க வேண்டியது அதுதான். அதன் ஓரம் கால்வாசிக்குமேல் கிழிந்து, பழைய கிழிசலாகக் கறுத்துத் தொங்கியது. அதை விரலால் நீவி நீவிப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு எறங்கலன்னுதானட்டி சொன்ன?"

"ஆமா மாமா" என்றேன்.

சற்றுத் தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து போல்ட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணாச்சி திரும்பாமலே கேட்டார்: "என்ன வே, ரப்பர் எப்படி இருக்கு?"

மாமா அந்த மூன்று விரல் கையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கிழிந்த வளையத்தை மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

"பழசாயிட்டு அண்ணாச்சி. மாத்திருவோம்."

நான் செய்ததை மாமா கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு வருஷமாக அவர் தேடிய சாட்சி அந்த மடியில் இருக்கிறது என்பதோ, அதை அவர் இனி யாரிடமும் காட்டப்போவதில்லை என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. அவர்களுக்குக் காபி போடச் சொல்ல அம்மாவிடம் ஓடினேன்.