மணலில் புதைந்த கறுப்புக் கார்

என் கணவர் பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர். ஊர் திரும்பியதும், பழைய சமஸ்தான அதிகாரி ஒருவர் விற்ற கறுப்புக் காரை வாங்கிக் கந்தர்வக்கோட்டையில் வாடகைக்கு ஓட்டினார். எந்த வண்டியைப் பற்றியும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். மனுசன் செய்ததிலேயே ஒழுங்கானது கார்தான். டாங்கியை வண்டி என்று சொன்னால் கோபம் வரும். "அது இரும்புப் பொட்டி" என்பார். ராக்கெட் பேச்சை எடுத்தால் இன்னும் மோசம். "பிரேக் இல்லாத எதையும் நான் வண்டியிலயே சேக்க மாட்டேன்."

மனிதன் வானத்தில் ஏறிப் பூமியைச் சுற்றி வந்த சேதி பேப்பரில் வந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. மணமேல்குடியில் இருந்த என் அக்காவைப் பார்க்கப் போனோம். அக்கா வீட்டுக்காரர் அங்கே வலைநூல் கடை வைத்திருந்தார். ராக்கெட் படம் எதில் வந்தாலும் கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டிவிடுவார். போனதுமே இருவருக்கும் தர்க்கம்.

"இன்னும் கொஞ்ச நாள்ல சந்திரனுக்கே போயிருவான் பாருங்க, சகலை."

"போயி? அங்க டீக்கடை இருக்கா?"

"நீங்க டாங்கில எங்கெல்லாமோ போனீங்களே, டீ குடிக்கவா போனீங்க?"

"போகச் சொன்னாங்க, போனேன்."

சாயங்காலம் எல்லோரும் காரில் கடற்கரைக்குக் கிளம்பினோம். மணல் தொடங்கும் இடத்திலேயே நிறுத்தச் சொன்னார் அக்கா வீட்டுக்காரர். "பாலைவனத்துலயே ஓட்டுனவன் நான்" என்று இவர் உள்ளே விட்டார். கொஞ்ச தூரம் போவதற்குள் பின்சக்கரங்கள் புதைந்தன. மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கின. அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடி வந்தார்கள். தென்னை மட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, பின்னால் கயிறு கட்டி, வள்ளத்தை இழுப்பதுபோல் ஒரே குரலில் இழுத்தார்கள். நாங்கள் முன்னாலிருந்து தள்ளினோம். கார் ஒரு வழியாகக் கெட்டித் தரைக்கு வந்தது.

களைத்துப்போய் அவர்களோடு மணலில் உட்கார்ந்தோம். இருட்டத் தொடங்கியபோது ஒரு மீனவர் கை காட்டினார்.

"அங்கிட்டுப் பாருங்க. நட்சத்திரம் நடக்குது."

சின்ன வெளிச்சம் ஒன்று, சிமிட்டாமல், கடலுக்கு மேலே சீராகப் போய்க்கொண்டிருந்தது. "செயற்கைக் கோள்! பேப்பர்ல போட்டிருந்தான்!" என்று அக்கா வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். இவர் என்ன கேலி செய்யப் போகிறாரோ என்று நான் காத்திருந்தேன்.

"அதுல ஆளு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இதுல இருக்காது, சகலை. அன்னைக்குச் சுத்துனதுல இருந்தான்."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான்."

வெளிச்சம் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார். "டாங்கிக்குள்ளயும் அப்படித்தான். நாலு பேரு இருந்தாலும் ஒருத்தன் மொகம் ஒருத்தனுக்குத் தெரியாது. முன்னால ஒரு சின்னச் சந்து. அதுல தெரியிறதுதான் ஒலகம். காதுல மாட்டுன குழாயில வலது, இடதுன்னு கத்துவாங்க, அவ்வளவுதான் பேச்சு. வெளிய வந்த பெறகும் யாருகிட்டயும் பேசத் தோணாது."

கல்யாணமான நாளிலிருந்து பட்டாளத்தைப் பற்றி அவர் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"அதான் காரு வாங்குனீங்களா?" என்றேன்.

"காருன்னா பக்கத்துல ஒரு ஆளு தொணதொணன்னு பேசிக்கிட்டே வரும்ல."

"நான் தொணதொணக்கிறேனா?"

"அறந்தாங்கி வரைக்கும் நீ வாயை மூடவே இல்லையே."

மறுநாள் காலையில் ஊர் திரும்பினோம். ஆளில்லாத சாலையில் ஓரமாக நிறுத்தி, "இங்கிட்டு வந்து உக்காரு. நீ ஓட்டு" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். அவர் அதற்குள் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். கார் விக்கி விக்கி நகர்ந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் வாயில் கை வைத்து நின்றாள். ஸ்டியரிங்கை நான் பிடித்த பிடியில் விரலெல்லாம் மரத்துப்போயிற்று. அடுத்த ஊர் கண்ணில் பட்டபோது இடம் மாற மனமே வரவில்லை.