நூற்றெட்டுப் புளியமுத்து

பூஜ்யத்தின் வரலாற்றைச் சொல்லும் புத்தகம் எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவேன். வாங்கி, ஒரே மூச்சில் படித்து, எரிச்சலோடு மூடி வைப்பேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் ரொம்பச் சாந்தமான ஆட்கள். பாபிலோனியர் வெறும் இடம் விட்டார்கள், மாயர்கள் சிப்பி வரைந்தார்கள், நம் நாட்டில் புள்ளி வைத்தார்கள், புள்ளி வட்டமாகி அரபு தேசம் வழியாக ஐரோப்பா போனது என்று பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போவார்கள். பூஜ்யத்தால் ஒருத்தியின் உதடு கிழிந்ததை ஒருவரும் எழுதவில்லை. நான் பார்த்திருக்கிறேன். கிழிந்ததற்குக் காரணமும் நான்தான்.

எங்கள் வீட்டில் அடி என்பது சாப்பாடு மாதிரி, வேளாவேளைக்கு உண்டு. திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டில் உளுந்தும் சோளமும் போட்டுப் பிழைத்த குடும்பம். மழை பெய்யாவிட்டால் அப்பா எங்களை அடிப்பார், பெய்து கெடுத்தாலும் அடிப்பார். களத்தில் தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லக் கூடாது, லாபம் என்று சொல்ல வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிக்கை போகும். ஒன்பது வயதில் நான் வாய் தவறி ஒண்ணு என்று சொல்லிவிட்டேன். அப்பா புறங்கையால் வாயில் அறைந்த அறையில் முன்பல் பாதி போனது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே, நான் சொன்னதில் என்ன தப்பு என்று கேட்டு இன்னொரு அறையும் வாங்கினேன். என் அக்கா அப்படி இல்லை. அன்றையிலிருந்து அவள் எதை எண்ணினாலும், வறட்டி எண்ணினாலும்கூட, லாபம் என்றுதான் தொடங்குவாள்.

அக்காவைச் சங்கரன்கோவிலில் பிண்ணாக்குக் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் சட்டென்று கை நீட்டுகிறவர். குழம்பில் உப்புக் கூடினால் தட்டு பறக்கும், பதில் சொன்னால் கை பறக்கும். அக்காவுக்கு இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. மூன்றாவதும் தங்காவிட்டால் புளியங்குடியில் இருக்கும் தன் மாமன் மகளைக் கட்டிக்கொள்ளப்போவதாக அத்தான் நேராகவே சொல்லிவிட்டார். மூன்றாவது முறை நான்கு மாதம் ஆனபோது, நான் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்குத் தேர்வு எழுதிவிட்டு ஒத்தாசைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபதுகளின் கடைசி. ஆடி மாதம்.

அம்மன் தவமிருந்து சாமியின் காட்சி காணும் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் சங்கரன்கோவிலில் பெண்கள் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவார்கள். வயிற்றில் இருப்பது தங்க வேண்டும் என்று அக்காவும் நேர்ந்திருந்தாள். வேகமாக நடக்க முடியாது என்பதால் ஆறு நாளுக்குப் பிரித்துக்கொண்டாள். எண்ணிக்கை தப்பாமல் இருக்க நூற்றெட்டுப் புளியமுத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்டாள். சுற்றுக்கு ஒரு முத்து கொடிமரத்தடியில் போட வேண்டும். முதல் நாள் நானும் கூடப் போனேன். நடக்கத் தொடங்கும் முன்னே கும்பிட்டுவிட்டு ஒரு முத்தைப் போட்டு "லாபம்" என்றாள். ஒரு சுற்று முடிந்து வந்ததும் அடுத்ததைப் போட்டு "ரெண்டு" என்றாள். எனக்கும் அதில் ஒன்றும் உறைக்கவில்லை. ஆறாம் நாள் மடி காலியானதும் அவள் முகத்தில் வந்த சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் கிளை நூலகத்திலிருந்து பூஜ்யத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எடுத்து வந்திருந்தேன். அட்டையில் பெரிய வட்டம் மட்டும்தான். அதில் ஓர் அத்தியாயத்தில், கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் பூஜ்ய ஆண்டு கிடையாது, நேரே ஒன்றில் தொடங்கிவிட்டார்கள், அதனால் நூற்றாண்டை எண்ணும்போது ஒன்று இடிக்கிறது என்று எழுதியிருந்தது. அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்குகிறது, புறப்படும் இடம் பூஜ்யம், ஓர் அடி நடந்த பிறகுதான் ஒன்று என்று படம் போட்டு விளக்கியிருந்தது. படித்ததும் எனக்குப் பொட்டில் அடித்தது. அக்கா புறப்படும் முன்பே ஒரு முத்தைப் போட்டுவிட்டாள். அப்படியானால் அவள் சுற்றியது நூற்றேழுதான்.

சொல்லக் கூடாது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். தபசுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் புத்தகத்தில் மூழ்கிச் சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். சாப்பிட வந்த அத்தான் புத்தகத்தைப் பிடுங்கி அதாலேயே என் தலையில் இரண்டு போட்டு முற்றத்தில் வீசினார். ஒரு வட்டத்தைப் போட்டுப் புத்தகமாம், இதைப் படித்து என்னத்தைக் கிழிக்கப்போகிறாய் என்றார். எனக்குக் கண்ணு மண்ணு தெரியவில்லை.

"அந்தப் புத்தகத்துக்குத் தெரிஞ்சது இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. நூத்தியெட்டுச் சுத்தியாச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. சுத்தினது நூத்தியேழு" என்றேன்.

முத்துக் கணக்கை அவருக்குப் புரியும்படி விளக்கியும் சொன்னேன். அவர் மூக்கை உடைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவர் என்னைத் தொடவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் அக்காவை அறைந்தார். உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கிறதே என்று நான் நடுவில் பாய்ந்தேன். ஒரே தள்ளில் அம்மிக்கல்லின்மேல் போய் விழுந்தேன். ஒரு சுற்றுத்தானே குறைகிறது, இன்றைக்கே போய்ச் சுற்றிவிடலாம் என்று கிடந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"மொதலே தப்புன்னா நூத்தியேழும் சைபர்தான். நீதானே படிச்சவ. சைபர்லருந்து ஆரம்பிக்கச் சொல்லு" என்றார்.

தபசுக்குள் நூற்றெட்டையும் முடித்தாக வேண்டும் என்று அவளை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். இந்த முறை முத்துப் பையை அவரே வைத்துக்கொண்டு கொடிமரத்தடியில் உட்கார்ந்தார். அக்கா ஒவ்வொரு சுற்று முடித்து வரும்போதும் கையை நீட்டுவாள். அவர் ஒரு முத்தை எடுத்துக் கொடுப்பார், அவள் கீழே போடுவாள். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது ஆனது. மறுநாள் விடியற்காலையிலேயே மறுபடி தொடங்கினாள். கல்தளம் வெயிலில் கொதித்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். எழுபதைத் தாண்டியதும் அவள் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

எழுபத்தொன்று முடிந்ததும் நான் அத்தானின் காலைப் பிடித்தேன். போதும், விட்டுவிடுங்கள் என்றேன். காலை உதறினார். பையில் கையை விட்டு ஒரு பிடி முத்தை அள்ளப் பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்து அவர் முறுக்கிய முறுக்கில் எலும்பு நெரிந்தது. பக்கத்தில் தண்ணீரோடு இருந்த வெண்கலச் செம்பை மறு கையால் எடுத்து அவர் நெற்றியில் ஓங்கி அடித்தேன். இரண்டாம் முறையும் அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. மூன்றாவதுக்கு ஓங்கும்போது பின்னாலிருந்து யாரோ என் சடையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார்கள். கோயிலுக்குள்ளே ஆம்பளையை அடிக்கிற மூதேவி என்று ஒரு பெண் என் இடுப்பில் மிதித்தாள். அவளும் நூற்றெட்டுச் சுற்ற வந்தவள்தான்.

இந்த அமளியில் அக்கா நிற்கவே இல்லை. எங்களைத் தாண்டி நடந்து போய், சுற்றி வந்து, ரத்தம் சொட்ட உட்கார்ந்திருந்த புருஷனிடம் கையை நீட்டி "எழுபத்திரெண்டு" என்றாள். அவரும் ஒரு முத்தை எடுத்துக் கொடுத்தார். பொழுது சாயும் முன் நூற்றெட்டையும் முடித்துவிட்டாள். தபசுக் காட்சி பார்க்க ஊரே திரண்டு நின்ற நாளில் அவள் பாயில் கிடந்தாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை என்று நர்ஸ் சொன்னாள். கோயிலில் ரத்தம் சிந்த வைத்தவளால்தான் வந்த வினை என்று அத்தான் வீட்டில் பேசினார்கள். புருவத்துத் தையலோடேயே அவர் மாமன் மகளைக் கட்டினார்.

அக்கா என்னோடுதான் இருக்கிறாள். நான் கணக்கு டீச்சராகி, பிள்ளைகளை அடிக்கவும் செய்து, ஓய்வும் பெற்றாயிற்று. இத்தனை வருஷத்தில் அந்த ஆடியைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. போன மாதம் புதிதாக வாங்கிய பூஜ்யப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, அக்கா எதிரே உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். அன்றைக்கு நான் அந்த ஒரு சுற்றைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும், என்னை மன்னித்துவிடு என்றேன்.

அக்கா உளுந்திலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்த ஒண்ணத்தான் நான் முடிச்ச மறுநாளே போயிச் சுத்திட்டேனே" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"மொத முத்த நின்ன எடத்துலல்லா போட்டேன். நடக்காம போட்டது எப்படிட்டி ஒரு சுத்தாகும்? மடி காலியான அன்னைக்கே மனசு கேக்கல. விடிஞ்சதும் தனியாப் போயி ஒண்ணு சுத்திட்டுத்தான் வந்தேன்."

அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கத்தினேன். இந்த வயதிலும் கத்தத்தான் வருகிறது எனக்கு.

"சொல்ல வாயெடுத்தேன், வாயில அடி விழுந்துச்சு. பெறகு நீயும் அவருமாக் கணக்குப் பேசிக்கிட்டு இருந்தீங்க. என்னய யாரு கேட்டா?"

நான் கேட்கவே இல்லை. அவரை ஜெயிக்கிற அவசரத்தில், கோயிலைச் சுற்றினவளிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவே இல்லை.