முரசுமோட்டைச் சுரேகாவின் கறுப்புச் சொட்டு

சொட்டு விழும்போது சுரேகா கதைக்கமாட்டாள். விடிந்ததும் வெறும் வயிற்றோடு கிளாசை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கறுப்புத் திரவம் தண்ணீருக்குள் நூல்நூலாக இறங்கிப் பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். "துருப்பிடிச்ச ஆணியைச் சூப்பின மாதிரித்தான் இருக்கும். ஆனா ஆள் எழும்பிடுவன்."

அந்தத் திரவத்துக்குப் புல்விக் அமிலம் என்று பெயர். பழைய காலத்துச் செடிகொடிகள் மக்கி மண்ணாகிப்போன படிவிலிருந்து பிரித்தெடுப்பது. உடம்பு சத்தை இழுத்துக்கொள்ள உதவும், களைப்பைப் போக்கும், மூட்டு நோவுக்கு நல்லது என்றெல்லாம் போத்தலோடு வரும் தாளில் போட்டிருக்கும். கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டையில் அதை வீடுவீடாகக் கொண்டுபோய் விற்பவள் சுரேகா. நாற்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். பழைய ஸ்கூட்டியும் சிவப்புப் பையும், கேற்றுக்கு வெளியில் நின்றே குசினிவரை கேட்கும் குரலும் அவளுடைய அடையாளங்கள்.

முன்பு நிலக்கடலைத் தோட்டங்களில் கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போனவள். பின்னேரம் வந்து விழுந்தால் எழும்ப முடியாத காலம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். அதே நாட்களில் யாரோ இந்தப் போத்தலையும் கொடுத்தார்கள். இரண்டையும் குடித்தாள், எழும்பினாள். "எது செய்ததெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டையும்தானே குடிச்சனான்" என்று வாங்க வருபவர்களிடமே சொல்லிவிடுவாள். இப்படி ஒரு விற்பனையாளரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சிற்றம்பலத்தார் வயல்காரர், நீண்டகால நீரிழிவுக்காரர். முதல் நாள் போத்தலை மணந்து பார்த்துவிட்டு, "உதைத்தானே பிள்ளை நாங்கள் மிளகாய்க் கண்டுக்கு அடிக்கிறனாங்கள்!" என்று சிரித்தார். உண்மைதான். விவசாய மருந்துக் கடைகளிலும் புல்விக் விற்கிறார்கள்.

"மிளகாய் நல்லாத்தானே காய்க்குது, அண்ணை" என்றாள் சுரேகா.

அவர் ஒரு போத்தல் வாங்கினார். கிளினிக் குளிசையைத் தொடர்ந்து போடவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாள். விபரங்கள் வரும் என்று, போத்தல் கொடுக்கும் கம்பனி ஆட்களின் வட்ஸ்அப் குரூப்பிலும் அவரைச் சேர்த்துவிட்டாள்.

அறுவடை தொடங்கிய நேரம் அவருடைய வீட்டுக்குப் போனபோது, அவர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வலது காலில் பழைய சாரத்தில் கிழித்த துணி சுற்றியிருந்தது. கிட்டப் போகமுன்னமே அழுகல் மணம் வந்தது.

"என்னண்ணை கால்?"

"சேத்துக்குள்ளை ஆணி ஏறினது. உன்ரை மருந்து குடிக்கிறன்தானே, ஆறும்."

"கிளினிக் குளிசை?"

"அதை விட்டிட்டன். ரெண்டும் சேந்தா கிட்னி பழுதாப் போமாம். குரூப்பிலை மதுசன் தம்பி சொன்னவர். இதைக் குடிச்சா சீனி வருத்தத்துக்கு வேற மருந்து தேவையில்லையாம்."

மதுசன் அந்தக் குரூப்பின் தலைவன். சுரேகா குந்தியிருந்து துணியை அவிழ்த்தாள். இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன.

"எழும்புங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"நாளைக்கு வெட்டு மெசின் வருது பிள்ளை. அறுப்பு முடியட்டும்."

"மெசின் அடுத்த கிழமையும் வரும். கால் வராது."

அவர் அசையவில்லை. அவருடைய மனைவி இராசமலர் வாசலில் நின்று அழத் தொடங்கினாள். சுரேகா ஓட்டோவுக்குப் போன் எடுத்தாள். அது வந்ததும் அவருடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினாள். "என்னைப் பேசுறதெண்டா போற வழியிலை பேசுங்கோ." கிளிநொச்சிவரை அவர் அவளை ஏசிக்கொண்டுதான் போனார்.

வைத்தியர் காலைப் பார்த்தார், பிறகு போத்தலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "களைப்புக்கெண்டு குடிச்சா அது உங்கடை விருப்பம். அதுக்கே பெரிய ஆய்வு ஒண்டும் இல்லை. ஆனா சீனிக்குக் குளிசையை விட்டிட்டு இதைக் குடியுங்கோ எண்டு சொன்னவர் ஆர்?" சுரேகா தலையைக் குனியவில்லை. "இதை வித்தது நான். அதைச் சொன்னது நானில்லை. இனி ஒருத்தரும் சொல்லவும் விடமாட்டன்."

இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது.

ஆஸ்பத்திரி மதிலடியில் நின்றபடியே குரூப்பில் குரல் பதிவு போட்டாள். "ஒரு காலைப் பாத்திட்டு வாறன். கிளினிக் குளிசையை விட்டவையள் ஆரும் இருந்தா, இண்டைக்கே டொக்டரிட்டைப் போங்கோ." கொஞ்ச நேரத்தில் அவளைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். மதுசன் போனில் வந்தான். "அக்கா, நீங்கள் யாவாரத்தைக் கெடுக்கிறியள்."

"கெடட்டும்" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து, விற்ற வீடுகளுக்கெல்லாம் திரும்பிப் போனாள். முரசுமோட்டை முடிந்ததும் பக்கத்துத் தர்மபுரம். "குளிசை போடுறியளோ?" என்பதுதான் கேற்றில் அவளுடைய முதல் கேள்வி. ஒருத்தி கோபித்தாள். "அண்டைக்கு நல்லதெண்டு வித்தனீர், இண்டைக்குக் கூடாதெண்டுறீர்."

"கூடாதெண்டு சொல்லேல்லை. அதுக்காகக் குளிசையை விடாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்."

சிற்றம்பலத்தார் வெகுகாலம் அவளோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அப்படியிருந்தும் கிளினிக் நாளன்று ஸ்கூட்டி அவருடைய கேற்றில் போய் நிற்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே பின்னால் ஏறுவார்.

விற்பனை பாதியாக விழுந்துவிட்டது. போத்தல்களை இப்போது கம்பனியிடமல்ல, நகரத்துக் கடையொன்றில் எடுக்கிறாள். தான் குடிப்பதையும் நிறுத்தவில்லை. "எனக்கு ஒத்துக்கொள்ளுது. உங்களுக்கு என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது. டொக்டரைக் கேட்டுப்போட்டு வாங்குங்கோ."

போன கிழமை தர்மபுரத்தில் சுகந்தினி என்பவர் வாசலுக்கே ஓடிவந்தார். பிரஷர் நோயாளி. "யூடியூப்பிலை பாத்தனான் தங்கச்சி. இதைக் குடிச்சா பிரஷர் குளிசையை விடலாமாமே? இண்டைக்குக் குளிசை போடேல்லை. ரெண்டு போத்தல் தாரும்."

சுரேகா பையைத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போய், ஒரு தம்ளரில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தாள். அலுமாரிக்கு மேலே கிடந்த மருந்துப் பையில் காலைக் குளிசையைத் தேடி எடுத்து, சுகந்தினியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். பிறகு தம்ளரை நீட்டிக்கொண்டு, அவர் விழுங்கும்வரை அங்கேயே நின்றாள்.